கங்குவின் கேஸ் ஷீட்

இரண்டு கைகளையும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு, விரல் நுனிகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்த பிறகுதான் சிஸ்டர் பதினேழாம் அத்தியாயத்தைத் திறக்கிறார். நாலு வரி தாண்டவில்லை, "ஐயோ, மறுபடியும் வலது கையா!" என்று நெற்றியில் அடித்துக்கொள்ளப் போகிறார். கையில் உறை இருப்பது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொள்கிறார். பக்கத்தில் ஸ்டெரிலைசர் உஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது.

முன்பெல்லாம் இப்படி இல்லை. அத்தியாயத்தின் தலைப்பைப் பார்த்து, 'கண்ணாடி மழை' மாதிரி ஆபத்தாகத் தெரிந்தால் மட்டும் உறை போடுவார். 'ஒரு கோப்பைத் தேநீர்' என்று தலைப்பு வைத்திருந்த அத்தியாயத்தை நம்பி வெறுங்கையோடு உட்கார்ந்தார். மூன்றாம் பக்கத்தில் எவனோ மேசைக்கு அடியிலிருந்து கத்தியை இறக்கிவிட்டான். அன்றிலிருந்து எழுதுகிறவர்கள் வைக்கும் தலைப்பில் சிஸ்டருக்கு நம்பிக்கை போய்விட்டது.

இருபது படுக்கை உள்ள மருத்துவமனை. அதன் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கிக் கிடக்கிறது கட்டுப்போடும் அறை. ஒரு சுழல் ஸ்டூல், ஒரு எவர்சில்வர் டிராலி, பாதிக்கு வெள்ளை பெயிண்ட் அடித்த கண்ணாடிக் கதவு, வெளியே நோயாளிகளுக்கு ஒரு நீளப் பெஞ்சு. இருபத்திரண்டு வருஷமாகச் சிஸ்டரின் ராஜாங்கம் இவ்வளவுதான். வயது ஐம்பத்தொன்று. குரல் மட்டும் இரண்டு ஆள் குரல். யார் வந்தாலும் முதலில் "முதல்ல சீட்டு எழுதணும்" என்பார். உட்கார்ந்ததும் "கத்தாதீங்க, இன்னும் தொடவே இல்ல" என்பார். முடிந்ததும் "நனைச்சீங்க, அவ்வளவுதான், சொல்லிட்டேன்" என்பார். இந்த மூன்று வாக்கியத்தில் நாளின் பாதி ஓடிவிடும்.

சீட்டு என்று அவர் சொல்வது கேஸ் ஷீட்டை. சீட்டு எழுதாமல் கட்டுப் போடமாட்டார். சமையல்கட்டில் விரலை நறுக்கிக்கொண்டவருக்கும் சீட்டு, மாடிப்படியில் முட்டி பெயர்ந்த குழந்தைக்கும் சீட்டு. ஒருதடவை மருத்துவமனை மேலாளரே கட்டைவிரல் நசுங்கி ஓடிவந்தார். "முதல்ல சீட்டு" என்று சிஸ்டர் நிற்க வைத்துவிட்டார். அந்தச் சீட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. விபத்து நடந்த இடம்: மேசை இழுப்பறை. காரணம்: கோபம்.

ஸ்டெரிலைசர் என்பது கத்தரி, இடுக்கி, காஸ் துணி எல்லாவற்றையும் ஆவியில் வேகவைத்துக் கிருமி போக்கும் இரும்புப் பெட்டி. அது ஓடும்போது ஒரு ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆவியின் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது சட்டம். எழுந்து போகக் கூடாது, வேறு வேலை செய்யக் கூடாது. காலையில் நாற்பது நிமிஷம், மதியம் நாற்பது நிமிஷம். இருபத்திரண்டு வருஷமாக அந்த முள்ளையே பார்த்துப் பார்த்துச் சிஸ்டருக்கு அதன் குணநலன்கூட அத்துப்படியாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் புத்தகம் வந்து சேர்ந்தது.

இரண்டு சக்கர வண்டியிலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட ஒரு கல்லூரிப் பெண், ஐந்து நாள் கட்டு மாற்ற வந்தவள், கடைசி நாள் டிராலிமேல் விட்டுவிட்டுப் போனாள். கறுப்பு அட்டை. தலைப்பின்மேல் டிங்சர் கொட்டிப் பழுப்பாகிவிட்டது. 'இரண்டாம் பாகம்' என்பது மட்டும் மிச்சம். சிஸ்டர் ஒரு மாதம் பத்திரமாக எடுத்து வைத்தார். போன் போட்டார், பதில் இல்லை. உள்ளே விலாசம் ஏதாவது எழுதியிருக்கிறாளா என்று பார்க்கத்தான் முதல் பக்கத்தைத் திறந்தார். முள் எப்போது இறங்கியது, பெட்டி எப்போது ஆறியது, எதுவும் தெரியாது. வெளியே பெஞ்சில் நாலு பேர் வரிசையாகக் கனைத்த பிறகுதான் தலையைத் தூக்கினார்.

கதை இதுதான். ஒரு நகரம். அங்கே சூரியன் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் எட்டிப் பார்க்கும். பாலங்களுக்கு அடியில் மனிதர்களின் நிழலைத் தின்கிற ஜந்துக்கள். நிழல் போனவன் மூன்று நாளில் ஆளே இல்லாமல் போவான். இவற்றை எதிர்த்து நிற்பவள் ஒரே ஒரு மந்திரக்காரி. தெருவிளக்கின் வெளிச்சத்தை வலது கையால் உறிஞ்சி எடுத்து வீசுவாள். வீசும்போதெல்லாம் அவளுடைய விரல் நுனி கொஞ்சம் கருகும். அதனால் ஊரில் அவளுக்குக் கங்கு என்று பெயர்.

"முதல் பாகம் படிக்காம இது எப்படிப் புரியும்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எதையும் ஆரம்ப நிறுத்தத்திலிருந்து ஏறினால்தான் அவருக்கு ஒப்பும்.

"நல்லா கேட்டீங்க! என்கிட்ட வர்றவங்க எல்லாம் முதல் பாகத்தக் கையில எடுத்துக்கிட்டா வர்றாங்க? தழும்பப் பாத்தா தெரிஞ்சிடாது?" என்றார் சிஸ்டர்.

சும்மா சொல்லக் கூடாது, தெரிந்துதான் வைத்திருந்தார். இடது புருவத்தில் தையல் போடாமல் விட்ட பழைய வெட்டு. விலாவில் கோணலாகக் கூடிய எலும்பு. "முதல் பாகத்துல இவள மாடியில இருந்து தள்ளியிருக்காங்க. தள்ளினவன் இடதுகைக்காரன்" என்று தீர்மானமாகச் சொன்னார். வீட்டுக்காரர் அந்த இடதுகைக்காரனை நினைத்து இரண்டு நாள் கடுப்பாக வேன் ஓட்டினார்.

வினை நாலாம் அத்தியாயத்தில் ஆரம்பித்தது. அதில் கங்குவின் இடது தோள் மூட்டு இறங்கிவிடுகிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் அவள் இரண்டு கையாலும் சுவர் ஏறுகிறாள். சிஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யாரைக் கேட்டு ஏறினா? ஆறு வாரம் அசைக்கக் கூடாத கை!" எழுதினவர் மறந்திருக்கலாம், சிஸ்டர் மறக்க முடியுமா? எந்தக் காயம் எந்த நாளில் பட்டது, எது ஆறியது, எது சீழ் பிடித்தது என்று குறித்து வைத்துக்கொள்ள முடிவு செய்தார். வெறும் தாளில் எழுத அவருக்கு வரவில்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். நேரே பீரோவைத் திறந்து ஒரு கேஸ் ஷீட்டை உருவினார்.

பெயர்: கங்கு. வயது: 26. விலாசம்: பெரிய பாலத்துக்குக் கீழே, மூன்றாவது தூண். தொழில்: சொந்தத் தொழில். காயம்: வலது கை விரல் நுனிகளில் தீக்காயம், இடது தோள் மூட்டு இறங்கல். காரணம்: வேலை செய்யும்போது ஏற்பட்டது. ஒவ்வாமை: மணிச் சத்தம். (கோபுர மணி அடித்தால் கங்குவுக்கு மூக்கில் ரத்தம் வரும்.) ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் புத்தகத்தின் பக்க எண். எல்லாம் முத்து முத்தான கையெழுத்து.

இந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம் உண்டு. மதியம் ஒரு மணிக்குச் சிஸ்டர் அன்றைய கேஸ் ஷீட்டுகளை எல்லாம் சேர்த்து ஒரு தட்டில் மாடிக்கு அனுப்புவார். அங்கே சின்ன டாக்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி, போனைத் தோளில் இடுக்கியபடி, சிஸ்டர் எழுதியதைப் படித்துக் கீழே இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார். படி இறங்கி வந்து நோயாளியைப் பார்க்கமாட்டார். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு முன்னால் இருந்த டாக்டரும் பார்த்ததில்லை, அதற்கு முன்னால் இருந்தவரும் பார்த்ததில்லை. சிஸ்டரின் சீட்டைப் பார்த்தால் காயத்தையே பார்த்த மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஒருநாள் பெஞ்சு நிறைய ஆள். ஒரு மணி அடிக்கும்போது சிஸ்டர் அவசர அவசரமாக மேசைமேல் இருந்த சீட்டுகளை வாரித் தட்டில் வைத்து அனுப்பினார். இரண்டு மணிக்குத் திரும்பி வந்த கட்டில் நடுவில் கங்கு இருந்தாள். போகிற வழியில் பதிவு கவுண்டரின் நம்பர் முத்திரையும் விழுந்திருந்தது. கீழே டாக்டரின் கோழிக் கிறுக்கல்: 'கையை உயர்த்தியே வைக்கவும். ஈரம் படக் கூடாது. மூன்று நாள் கழித்துப் பார்க்கவும்.'

சிஸ்டருக்குக் கைகால் ஓடவில்லை. நம்பர் விழுந்த சீட்டைக் கிழிக்கக் கூடாது. கிழித்தால் குற்றம். உண்மையைச் சொன்னால் டாக்டர் ஆளைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது வெளியே வரும். சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளை, வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. யோசித்துக்கொண்டே அந்த இரண்டு வரியை மறுபடி படித்தார். தீக்காயத்துக்குச் சொல்லவேண்டியதைத்தான் சொல்லியிருக்கிறார், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சரி, இருக்கட்டும் என்று சீட்டைப் புத்தகத்துக்குள் வைத்தார்.

மறுநாள் ஏழாம் அத்தியாயத்தில் கங்கு கால்வாயில் குதித்தாள். "நேத்துதானே டாக்டர் ஈரம் படக் கூடாதுன்னாரு!" என்று சிஸ்டர் போட்ட சத்தத்தில் வெளியே பெஞ்சில் இருந்த ஒருவர், தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக் காலைத் தூக்கிக்கொண்டார். ஈரம் பட்ட விவரத்தைச் சிஸ்டர் சீட்டில் எழுதினார். எழுதிய சீட்டு தட்டில் போகத்தானே வேண்டும்? போயிற்று. பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் போயிற்று. முதல் தாள் நிறைந்து இரண்டாம் தாள் இணைக்கப்பட்டது. மூன்று, நான்கு என்று வளர்ந்தது. பக்க எண்களைச் சின்ன டாக்டர் ஏதோ பழைய பதிவேட்டின் எண் என்று எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் அவர் நடையில் சிஸ்டரை நிறுத்தினார்.

"சிஸ்டர், அந்தக் கங்கு... எலெக்ட்ரீஷியனா?"

சிஸ்டர் பொய் சொல்லமாட்டார். அது அவருடைய குணம். "லைட்டு சம்பந்தப்பட்ட வேலைதான் டாக்டர்."

"கைக்கு உறை போட்டு வேலை செய்யச் சொல்லுங்க."

"போட்டா வேலை நடக்காதே."

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு. தோள், விலா, புருவம், கத்திக்குத்து... வேலையில படற காயமா இதெல்லாம்? அந்தப் பொண்ண யாரோ அடிக்கிறாங்க சிஸ்டர்."

"ஆமா டாக்டர். நிறையப் பேரு."

"வீட்டுலயா?"

"வீடு ஏது அவளுக்கு? பாலத்துக்குக் கீழ இருக்கா."

"போலீஸ்ல சொல்லிடலாமா?"

"அவங்களும் அதுல கூட்டு."

டாக்டர் பேயறைந்த மாதிரி நின்றார். "என்ன ஊரு சிஸ்டர் இது!" என்றார். சிஸ்டருக்கும் அதே ஆதங்கம்தான், தலையை ஆட்டினார். அன்று அத்தியாயத்தில் கங்குவின் ஒரே கூட்டாளியான ஒற்றைக்கண் தபால்காரனை நிழலில்லாதவனாக்கி விட்டிருந்தார்கள். சீட்டில் அதையும் 'நெருங்கியவர் இழப்பு' என்று எழுதி அனுப்பினார். திரும்பி வந்தபோது டாக்டர் எழுதியிருந்தார்: 'மன ஆறுதல் தேவை. சாப்பிட்டாளா என்று கேட்கவும். தனியாக விட வேண்டாம்.' சிஸ்டர் அதைப் படித்துவிட்டு டிராலிப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கங்குவிடம் அந்தப் புத்தகத்தில் ஒருவரும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை மேலாளர் கீழே இறங்கி வந்தார். அவர் இறங்கி வந்தாலே நல்ல சேதி இருக்காது. கையில் கங்குவின் சீட்டு. பதினோரு தாள்.

"வெள்ளிக்கிழமை தரச் சோதனைக்கு ஆள் வருது. திறந்த சீட்டு ஒண்ணுகூட இருக்கக் கூடாது. இது என்ன, நாப்பது நாளா ஒரே ஆளுக்குக் கட்டு மாத்திக்கிட்டு இருக்கீங்க? பாக்கறவங்க நமக்குக் கட்டவே தெரியாதுன்னு நெனைக்க மாட்டாங்க?"

கடைசித் தாளின் அடியில் நாலு கட்டங்கள் இருக்கும். குணமானார். மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார். சிகிச்சை முடியுமுன் வெளியேறினார். இறந்தார்.

"ஏதாவது ஒண்ண டிக் பண்ணுங்க, முடிஞ்சுது வேலை."

"என்ன ஆச்சுன்னு தெரியாம எப்படிங்க பண்றது?"

"போன் போட்டுக் கேளுங்க."

"போனெல்லாம் ஆகாதுங்க அவளுக்கு. மணிச் சத்தம் கேட்டா மூக்குல ரத்தம் வந்துடும்."

"அப்ப குணமானார்னு போட்டுத் தொலைங்க!"

"கை கருகிக் கிடக்குது. குணமானார்னா போடறது?" சிஸ்டரின் இரண்டு ஆள் குரல் மூன்று ஆள் குரலாயிற்று.

மேலாளர் கட்டைவிரலைத் தடவிக்கொண்டார். பழைய காயம் கோபம் வந்தால் இன்னும் கடுக்கும். "வெள்ளிக்கிழமை இந்தச் சீட்டு மூடியிருக்கணும். இல்லன்னா அடுத்த திங்கட்கிழமையில இருந்து நீங்க மேல, பதிவு கவுண்டர்ல. கட்டுப்போட வேற ஆளைப் பாத்துக்கறேன்."

பதிவு கவுண்டர் என்பது கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர், வயது, விலாசம் எழுதுகிற இடம். காயத்தோடு வருகிறவர்களின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிட வேண்டும். துணியைப் பிரித்து உள்ளே எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் பார்க்க முடியாது. அதைவிடச் சும்மா இருந்துவிடலாம்.

முப்பத்து மூன்று அத்தியாயம் முடிந்திருந்தது. இன்னும் ஐந்து. கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் சிஸ்டர் புரட்டமாட்டார். "உள்ள வர்றப்பவே எப்பச் சாவான்னு பாத்துட்டா ஒருத்தனுக்குக் கட்டுப்போடுவோம்?" என்பது அவர் கட்சி.

"அப்ப வீட்டுக்குக் கொண்டாந்தாவது படிச்சு முடியேன்" என்றார் வீட்டுக்காரர்.

"வீட்டுல வெச்சு அவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா கையில என்னங்க இருக்கு? ஒரு காஸ் துணி உண்டா, ஒரு இடுக்கி உண்டா?"

வீட்டுக்காரர் வேன் சாவியைத் தேடப் போய்விட்டார்.

திங்கள் மதியம் ஒரு அத்தியாயம், செவ்வாய் இரண்டு. புதன்கிழமை காலை ஸ்டெரிலைசரின் ரப்பர் வளையம் அறுந்துவிட்டது. மெக்கானிக் வியாழன் மதியம்தான் வந்தார், அன்று ஒரு அத்தியாயம் ஆயிற்று, மிச்சம் ஒன்று. நடுவில் ஒன்றரை நாள் புத்தகம் இழுப்பறையிலேயே கிடந்தது. மெஷின் ஓடாத நேரத்தில் படித்தால், அது வேலை நேரத்தில் கதைப் புத்தகம் படிப்பது ஆகிவிடுமாம். ஓடும்போது படித்தால் அது என்னவாம் என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

இதற்கிடையே இன்னொரு கொடுமை. செவ்வாய்க்கிழமை மாலை சிஸ்டரை அழைத்துப் போக வந்த வீட்டுக்காரர், அவர் கை கழுவப் போன நேரத்தில் இழுப்பறையைத் திறந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டார். வாயைத் திறக்கவில்லை. ஆனால் முகம்! வண்டியில் ஏறும்போதே தொங்கிப்போயிருந்தது. வீட்டில் தட்டில் இருந்ததைக் கோலம் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"பாத்துட்டீங்க, இல்ல?" என்றார் சிஸ்டர்.

"நான் ஒண்ணும் சொல்லலையே!"

"மூஞ்சி சொல்லுதே. அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து சாப்பிடுங்க."

மூன்று நாள் அந்த மனிதர் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். சிஸ்டர் அவருடைய முதுகைப் பார்த்துச் சாப்பிட்டார். முதுகுகூடச் சோகமாகத்தான் இருந்தது. செத்துவிட்டாள், வேறென்ன இருக்க முடியும் என்று சிஸ்டரின் மனது அடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. தரச் சோதனைக்கு வந்தவர் தடித்த கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். அதிகம் பேசாதவர். தரையைப் பார்த்தார், கதவிடுக்கைப் பார்த்தார், குப்பைத் தொட்டியைத் திறந்து முகர்ந்தே பார்த்தார். பிறகு கேஸ் ஷீட்டுக் கட்டிலிருந்து எதையாவது ஒன்றை எடுங்கள் என்று மேலாளர் சிரித்தபடி நீட்டினார். பதினோரு தாள் உள்ள சீட்டு கட்டிலிருந்து துருத்திக்கொண்டு நின்றது. அந்த அம்மாள் அதைத்தான் எடுத்தார்.

கடைசித் தாளைத் திருப்பினார். நாலு கட்டமும் காலி. "இந்த நோயாளி என்ன ஆனாங்க?"

மேலாளர் சிஸ்டரைப் பார்த்தார். சின்ன டாக்டரும் சிஸ்டரைப் பார்த்தார்; அவருக்கு நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது.

"தெரியலைங்கம்மா" என்றார் சிஸ்டர். "இன்னும் நாப்பது நிமிஷத்துல தெரிஞ்சிடும்."

சொல்லிவிட்டு ஸ்டெரிலைசர் கதவை மூடி ஸ்விட்சைப் போட்டார். கை கழுவினார். உறை மாட்டினார். ஓடுகிற ஸ்டெரிலைசருக்குப் பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அந்த அம்மாளே சோதிக்கவேண்டிய விதிகளில் ஒன்று. அவர் தன் படிவத்தில் அதற்கு நேரே ஒரு டிக் போட்டுவிட்டு வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் மேலாளர், அடுத்து சின்ன டாக்டர், கடைசியில் கால் பெருவிரல் நகம் பெயர்ந்த ஒரு தபால்காரர்.

உள்ளே கங்கு விளக்குக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். கீழே நகரம் முழுக்க ஒரே நிழலாகி, எழுந்து நின்றிருந்தது. அவளால் ஒன்றுதான் முடியும்; நகரத்தின் எல்லா விளக்கையும் ஒரே நேரத்தில் அந்த ஒரு கை வழியாக இழுக்க வேண்டும். "வேண்டாம்டி" என்றார் சிஸ்டர். கங்கு கையை நீட்டினாள். "இடது கையால இழு! அதுவாவது நல்லா இருக்கு!" வெளிச்சம் வரத் தொடங்கியது. விரல், உள்ளங்கை, மணிக்கட்டு. "விடு. போதும். கையை எடு, சொன்னா கேளு, கையை எடு!"

வெளியே சின்ன டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். சோதனை அம்மாள் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

முள் இறங்கியது. சிஸ்டர் உறையைக் கழற்றித் தொட்டியில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

"உயிரோட இருக்கா" என்றார்.

"அப்பாடா!" என்றார் டாக்டர். பெருவிரல்காரருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவரும் பெருமூச்சு விட்டார்.

"அப்ப குணமானார்தானே?" என்று மேலாளர் பேனாவை நீட்டினார்.

"முழங்கை வரைக்கும் கருகிப்போச்சு. கட்டுப் போடல, ஒண்ணும் இல்ல. சொல்லாம கொள்ளாம ஊரை விட்டு நடந்து போயிட்டா."

"நீங்க தடுக்கலையா?" என்றார் சோதனை அம்மாள்.

"தடுத்தேன்மா. ஒவ்வொரு அத்தியாயத்துலயும் தடுத்தேன்."

அந்த அம்மாள் எழுந்து உள்ளே போய், டிராலிமேல் கவிழ்ந்து கிடந்த கறுப்பு அட்டையை எடுத்தார். சீட்டில் இருந்த பக்க எண் ஒன்றைப் பார்த்து அந்தப் பக்கத்தைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். டாக்டர் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "நான் இருபது கையெழுத்துப் போட்டிருக்கேனே..." என்றார். மேலாளர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

"தப்பு என்னோடதுங்கம்மா" என்றார் சிஸ்டர். "கையெழுத்துப் போட்டவரச் சொல்லிப் பிரயோஜனமில்ல. நான் எழுதினா சரியா இருக்கும்னு நம்பிப் போட்டாரு. என்ன செய்யணுமோ என்னைச் செய்யுங்க. மேல கவுண்டருக்குப் போகச் சொன்னாலும் போறேன்."

அந்த அம்மாள் சுழல் ஸ்டூலில் உட்கார்ந்து பதினோரு தாளையும் முதலிலிருந்து படித்தார். நடுவில் பெருவிரல்காரருக்குச் சிஸ்டர் சீட்டு எழுதிக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார், அவ்வளவு நேரம் ஆயிற்று. கடைசியில் ஏழாம் தாளில் விரலை வைத்தார்.

"இருநூத்திப் பதினாலாம் பக்கம். கறுப்பு மணிக்கட்டத் தாண்டி ஏறியிருக்கு. அன்னைக்கே ஏன் மேல்சிகிச்சைக்கு அனுப்பல?"

சிஸ்டர் எதற்கு வேண்டுமானாலும் தயாராக இருந்தார், இதற்கு இல்லை. "பாத்துக்கலாம்னு நெனச்சேன்மா."

"பாத்துக்கலாம்னு விட்டதாலதான் முழங்கை வரைக்கும் போச்சு."

"ஆமாம்மா" என்றார் சிஸ்டர். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "என் தப்புதான். அன்னைக்கே அனுப்பியிருக்கணும்."

"எங்க அனுப்புவீங்க!" என்று மேலாளர் பெஞ்சிலிருந்து அலறினார். அவரை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

'சிகிச்சை முடியுமுன் வெளியேறினார்' என்ற கட்டத்தில் சிஸ்டர் டிக் போட்டார். சோதனை அம்மாள் தன் அறிக்கையில் எழுதிய ஒரே குறை: நோயாளியை மேல்சிகிச்சைக்கு அனுப்பத் தாமதம். கிளம்பும்போது மேலாளரிடம் சொன்னார்: "இந்த அம்மாவ இங்க இருந்து மாத்தாதீங்க. இப்படி எழுத ஆள் கிடைக்காது. டாக்டர மட்டும் கொஞ்சம் படி இறங்கி வரச் சொல்லுங்க."

அன்று மாலை வீட்டில் சிஸ்டர் வீட்டுக்காரரைத் தோளைப் பிடித்துத் திருப்பி உட்கார வைத்தார். "உயிரோட இருக்கறவளுக்கா மூணு நாளா துக்கம் காத்தீங்க?"

"அதுக்கில்லடி" என்றார் அவர் பரிதாபமாக. "கடைசிப் பக்கம் வரைக்கும் வந்து முடிவே இல்ல. மூணாம் பாகம் பாருங்கன்னு போட்டிருக்கான். எப்ப வரும்னுகூடப் போடல. அதான் சாப்பாடு இறங்கல." சிஸ்டர் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். சிரிப்பு முந்திக்கொண்டுவிட்டது. பிறகு இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது ஒரு மணி ஆனால் சின்ன டாக்டர் சாப்பாட்டு டப்பாவை மேலேயே வைத்துவிட்டுக் கீழே வருகிறார். ஒவ்வொரு கட்டையும் பிரிக்கச் சொல்லிக் காயத்தைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. வேலை இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது என்று பெஞ்சில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள். தரச் சான்றிதழ் வாசலில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. கங்குவின் சீட்டு முறைப்படி மூடப்பட்டு பீரோவில், மேலாளரின் கட்டைவிரலுக்கு அடுத்ததாக இருக்கிறது.

மருத்துவமனையில் கிருமி நீக்கிய கட்டுத்துணிப் பொட்டலம் முப்பது நாள்தான் தாங்கும். அதற்குமேல் பிரிக்காவிட்டாலும் மறுபடி வேகவைக்க வேண்டும். சிஸ்டர் மாதம் ஒருமுறை, பொட்டலங்களை அடுக்கி வைக்கும் தகர டிரம்மின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுக்கிறார். மற்றவற்றைவிட நீளமானது, விரல் நுனியிலிருந்து முழங்கை தாண்டிச் சுற்றுகிற அளவு.

"வந்துட்டாளா சிஸ்டர்?" என்கிறார் கதவருகே நிற்கும் டாக்டர்.

"இன்னும் இல்ல டாக்டர்."

பழைய ஒட்டுத்தாளை உரித்துவிட்டுப் புதியதை ஒட்டுகிறார். அதன்மேல் 'கங்கு, வலது கை' என்று எழுதி, அடியில் புதுத் தேதியைப் போட்டு, பொட்டலத்தை ஸ்டெரிலைசருக்குள் வைத்துக் கதவை மூடுகிறார்.